பந்தயத்துக்கு முன் ஒரு பந்தயம்: காரில் எத்தனை கிலோ பெட்ரோல்?

1985 மே 5, இத்தாலியின் இமோலா தடம், ஃபார்முலா ஒன் கார் பந்தயமான சான் மரினோ கிராண்ட் பிரி. மொத்தம் 60 சுற்று. முதல் சுற்றிலிருந்தே முன்னால் ஓடிக்கொண்டிருந்த லோட்டஸ் அணியின் அயர்ட்டன் சென்னா, இன்னும் நான்கே சுற்று மீதமிருக்கும்போது பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டார். அவரைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தவர் ஃபெராரியின் ஸ்டெஃபான் யோஹான்சன். இத்தாலிய ரசிகர்கள் கொண்டாடத் தொடங்குவதற்குள் அந்தக் காரும் பெட்ரோல் இல்லாமல் ஓய்ந்தது. கடைசியில் மெக்லாரன் அணியின் அலெய்ன் புரோஸ்ட் கோட்டை முதலில் கடந்தார். பந்தயம் முடிந்து எடைமேடையில் ஏற்றினால், குறைந்தபட்ச எடையைவிட அவர் காரில் 2 கிலோ குறைவு. தகுதிநீக்கம். கோப்பை சென்னாவின் அணித்தோழர் எலியோ டி ஏஞ்சலிஸுக்குப் போனது.

அந்த ஆண்டு விதிப்படி ஒரு காருக்கு 220 லிட்டர்தான். நடுவில் நிரப்பவும் அனுமதி இல்லை. அந்த 220 லிட்டரை 60 சுற்றுக்கு எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் அன்றைய போட்டி. சென்னாவின் வேகத்துக்கு நிகராக அன்று யாரும் இல்லை. அந்த வேகத்துக்குப் பெட்ரோல் இல்லை, அவ்வளவுதான்.

கார் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் டயரைப் பற்றிப் பேசுகிறார்கள், இன்ஜினைப் பற்றிப் பேசுகிறார்கள், ஓட்டுநரின் துணிச்சலைப் பற்றிப் பேசுகிறார்கள். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது திரையில் தெரிவதில்லை. ஆனால் பந்தயம் தொடங்கும் முன்பே ஒவ்வோர் அணியும் செய்துவிடுகிற, பிறகு மாற்றவே முடியாத முடிவு அதுதான். தேவையைவிட அதிகம் ஊற்றினால் சுமை, குறைத்து ஊற்றினால் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே சரியான இடம் என்று ஒன்று இல்லை. எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வது என்ற துணிவுதான் இருக்கிறது.

முதலில் எடைக் கணக்கு. 2024-ஆம் ஆண்டு விதிப்படி ஒரு ஃபார்முலா ஒன் கார், ஓட்டுநரையும் சேர்த்து, ஆனால் பெட்ரோல் இல்லாமல், குறைந்தது 798 கிலோ இருக்க வேண்டும். விளக்கு அணைந்து பந்தயம் தொடங்கியது முதல் கொடி விழும் வரை 110 கிலோ எரிபொருளுக்கு மேல் எரிக்கக் கூடாது. 110 கிலோ என்பது ஏறத்தாழ 145 லிட்டர். ஒரு பந்தயத்தின் தூரம் சுமார் 305 கிலோமீட்டர். ஆக லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நம் ஊரில் மைலேஜ் பார்த்து வண்டி வாங்குகிறவர்களுக்கு மயக்கமே வரும். ஆனால் அந்த வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வண்டிக்கு இது மிகச் சிக்கனமான கணக்கு.

முழு டேங்குடன் கிளம்பும் கார், காலி டேங்குடன் இருப்பதைவிட ஏறத்தாழ 14 சதவீதம் கனமானது. பந்தயப் பொறியாளர்கள் புழங்கும் பொதுக் கணக்கு ஒன்று உண்டு: 10 கிலோ பெட்ரோல் கூடினால் ஒரு சுற்றுக்கு 0.3 வினாடி போகும். தடத்துக்குத் தடம் இது மாறும். ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் கூடுதலாகப் போகும், சிறிய தடங்களில் குறையும். இருந்தாலும் கிலோவுக்கு 0.03 வினாடி என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறு வராது. பஹ்ரைன் பந்தயம் 57 சுற்று. அங்கே 110 கிலோவையும் எரித்தால் சுற்றுக்கு 1.9 கிலோ. அதாவது ஓட்டுநர் எதையும் புதிதாகச் செய்யாமலே ஒவ்வொரு சுற்றிலும் கார் 0.06 வினாடி வேகம் கூடிக்கொண்டே போகும். முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் இடையே எடையால் மட்டும் மூன்று வினாடிக்கு மேல் வித்தியாசம்.

இந்த 0.06 வினாடி சிறியதாகத் தெரியலாம். பந்தயத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் மனத்தில் வைத்திருக்க வேண்டிய எண் இதுதான். இருபது சுற்று தொடர்ந்து ஒரே நேரத்தில் ஓடும் கார் நிலையாக ஓடுகிறது என்று நினைப்போம். அப்படியல்ல. எடை குறைவதால் அந்தக் கார் வேகம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால், அதே அளவுக்கு டயர் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அணிகள் ஒவ்வொரு சுற்று நேரத்திலிருந்தும் எரிபொருளின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் டயரின் உண்மை நிலையைப் பார்க்கின்றன.

பருவம் தொடங்கும் முன் நடக்கும் சோதனை ஓட்டங்களின் நேரப்பட்டியலை நம்ப முடியாததற்கும் காரணம் இதுவே. 30 கிலோவுடன் ஓடுகிறதா, 60 கிலோவுடன் ஓடுகிறதா என்று வெளியே யாருக்கும் தெரியாது. அந்த 30 கிலோவில் 0.9 வினாடி ஒளிந்திருக்கிறது. பட்டியலின் முதல் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இடையே பல சமயம் அவ்வளவு வித்தியாசம்கூட இருக்காது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் அந்தப் பட்டியலை வைத்து ‘யார் சாம்பியன்’ என்று எழுதப்படும் கணிப்புகளை நான் வாசிப்பது பொழுதுபோக்குக்கு மட்டும்தான்.

எடை நேர்கோட்டு வேகத்தை மட்டும் தின்பதில்லை. 110 கிலோ கூடுதலாக இருக்கும்போது பிரேக் சீக்கிரம் பிடிக்க வேண்டும், பிரேக் சூடாகும், வளைவில் டயர் கூடுதலாக இழுபட்டுத் தேயும். காரின் தரை இடைவெளியும் மாறும். இன்றைய கார்கள் தரைக்கும் அடித்தட்டுக்கும் இடையே ஓடும் காற்றை வைத்துத்தான் தரையோடு ஒட்டுகின்றன. முழு டேங்கில் தட்டு தரையில் உரசாமலும், காலி டேங்கில் தேவைக்குமேல் உயர்ந்துவிடாமலும் இருக்க வேண்டும். ஒரே ஸ்பிரிங் அமைப்பு இரண்டு வெவ்வேறு எடையுள்ள கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்ற நிலை. டேங்க் ஓட்டுநரின் முதுகுக்கும் இன்ஜினுக்கும் நடுவில், காரின் ஈர்ப்பு மையத்துக்கு அருகே வைக்கப்படுவது இதனால்தான். பெட்ரோல் எரிய எரிய முன்பின் சமநிலை அதிகம் நகராது. 1960-களில் ஓட்டுநரின் இரு பக்கமும் டேங்குகள் இருந்தன. விபத்தில் அவர் பெட்ரோலுக்கு நடுவே சிக்கிக்கொள்வார். நல்லவேளை, அந்தக் காலம் போயிற்று.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். 2024 விதி 110 கிலோவை அனுமதித்தபோதும், அணிகள் பல பந்தயங்களில் அதைவிடக் குறைவாக ஊற்றிக்கொண்டு கிளம்பியது ஏன்? முழு வேகத்தில் ஓடினால் கடைசிச் சுற்றுவரை போதாது என்று தெரிந்தே குறைத்து ஊற்றுகிறார்கள். பற்றாக்குறையை வழியில் மிச்சம் பிடித்து ஈடுகட்டுவது திட்டம்.

மிச்சம் பிடிக்கும் முறை எளிமையானது. நீண்ட நேர்கோட்டின் முடிவில் பிரேக் பிடிக்க வேண்டிய இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது. கார் தன் வேகத்தில் உருண்டுபோகும், பிறகு பிரேக். ரேடியோவில் பொறியாளர்கள் ‘லிஃப்ட் அண்ட் கோஸ்ட்’ என்று சொல்வது இதைத்தான். ரசிகர்களுக்கு இது பிடிக்காது. பந்தயக்காரன் காலை எடுக்கலாமா என்பது அவர்கள் ஆதங்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆதங்கம் கொஞ்சம் குறையும்.

கார் மணிக்கு 300 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 83 மீட்டர். 2024 விதி அனுமதித்த உச்சபட்ச எரிபொருள் ஓட்டம் மணிக்கு 100 கிலோ, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 28 கிராம். அந்த வேகத்தில் காலை எடுத்தாலே போதும், காற்றின் எதிர்ப்பு மட்டுமே ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் வினாடிக்கு 10 மீட்டரைக் குறைத்துவிடும். இப்போது பிரேக் புள்ளிக்கு 25 மீட்டர் முன்பே காலை எடுக்கிறார் ஓட்டுநர். 0.3 வினாடி நேரம் இன்ஜின் எரிக்கவில்லை. மிச்சம் 8 கிராம். இழந்த நேரம் சுமார் 0.005 வினாடி.

அதையே 50 மீட்டர் முன்பு செய்தால்? மிச்சம் இரட்டிப்பாகி 16 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இழந்த நேரமோ நான்கு மடங்கு, 0.02 வினாடிக்குச் சற்று மேல். தூரம் கூடும்போது பெட்ரோல் அதே விகிதத்தில் மிச்சமாகிறது, நேரமோ அதன் வர்க்கமாகப் போகிறது. முதல் சில மீட்டர்கள் ஏறக்குறைய இலவசம். போகப் போகத்தான் விலை ஏறும்.

இதை முழுப் பந்தயத்துக்கும் விரித்துப் பார்க்கலாம். சுற்றுக்கு ஆறு இடங்களில், 57 சுற்றுகளில், 25 மீட்டர் வீதம் காலை எடுத்தால் மிச்சமாவது 2.8 கிலோ. அதற்குக் கொடுக்கும் விலை இரண்டு வினாடிக்கும் குறைவு. அந்த 2.8 கிலோவைத் தொடக்கத்திலேயே ஊற்றாமல் விட்டிருந்தால், பந்தயம் முழுவதும் சராசரியாக 1.4 கிலோ இலேசாக ஓடியிருக்கும், அதில் 2.4 வினாடி லாபம். அரை வினாடி கையில் நிற்கிறது. 50 மீட்டர் வீதம் எடுத்திருந்தாலோ, மிச்சம் 5.7 கிலோ, எடை லாபம் 5 வினாடி, ஆனால் இழப்பு 7 வினாடிக்கு மேல். நஷ்டம். இது என் உத்தேசக் கணக்கு. உண்மையான காரில் மின்மோட்டார், பிரேக்கில் திரும்பக் கிடைக்கும் மின்சாரம், டயர் வெப்பம் என்று பல கூறுகள் சேரும். ஆனாலும் கொஞ்சமாகக் குறைத்து ஊற்றுவது லாபம், பேராசைப்பட்டுக் குறைப்பது நஷ்டம் என்ற வடிவம் மாறாது.

இதில் இரண்டு நிகழ்தகவுகள் குறைத்து ஊற்றுகிறவர் பக்கம் நிற்கின்றன. ஒன்று, முன்னால் ஒரு கார் மறித்துக்கொண்டு போகும்போது எப்படியும் முழு வேகத்தில் போக முடியாது. அப்போது காலை எடுப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. மற்றொன்று, விபத்து நடந்து சேஃப்டி கார் வந்தால் எல்லோரும் மெதுவாக ஊர்வார்கள், எரிவது பெரிதும் குறையும். நிறைத்து ஊற்றியவர் அந்தச் சுற்றுகளில் சுமந்து வந்த எடைக்கு எந்தப் பயனும் காண மாட்டார்.

எப்போது மிச்சம் பிடிப்பது என்பது அடுத்த சிக்கல். எடையை மட்டும் பார்த்தால், முதலில் தாராளமாக எரித்துவிட்டுப் பின்பாதியில் மிச்சம் பிடிப்பதே லாபம். கார் சீக்கிரமே இலேசாகிவிடும். ஆனால் கடைசிப் பத்துச் சுற்றில் பின்னால் ஒருவர் துரத்தி வரும்போது ஒவ்வொரு நேர்கோட்டின் முடிவிலும் காலை எடுத்துக்கொண்டிருந்தால் இடம் போய்விடும். அதனால் பல அணிகள் முதல் பாதியிலேயே, எல்லோரும் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்துக் கடைசிக்கு வைத்துக்கொள்கின்றன. எடைக்கணக்கும் போர்த்தந்திரமும் இங்கே எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. பொறியாளரின் தேர்ச்சி தெரியும் இடம் இதுதான் என்பேன்.

எல்லாத் தடத்திலும் இந்தத் தலைவலி இல்லை. மொனாக்கோவில் தூரம் 260 கிலோமீட்டர்தான், வேகமும் குறைவு, பெட்ரோல் ஒரு பொருட்டே இல்லை. கனடாவின் மான்ட்ரியல் போல நின்று நின்று பாயும் தடத்தில்தான் கவலை. ஒவ்வொரு மெதுவான வளைவுக்குப் பிறகும் காரை மறுபடி உச்ச வேகத்துக்குத் தள்ள வேண்டும். எரிபொருளைத் தின்பது அந்தப் பாய்ச்சல்தான்.

இத்தனைக்கும் காரணம், நடுவில் பெட்ரோல் நிரப்பக் கூடாது என்ற விதி. அது எப்போதும் இருந்ததில்லை. 1982-இல் பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரே ஒரு கணக்குப் போட்டார். பாதி டேங்கோடும் மென்மையான டயரோடும் கிளம்பி, நடுவில் நிறுத்தி நிரப்பினால், நிறுத்தத்தில் போகும் நேரத்தைவிட ஓட்டத்தில் கிடைக்கும் நேரம் அதிகம் என்பது அவர் முடிவு. அந்த ஆண்டு ஆஸ்திரியப் பந்தயத்தில் அது தடத்தில் அரங்கேறியது. அடுத்த ஆண்டே மற்ற அணிகளும் பின்பற்றின, 1983-இல் பிரபாமின் நெல்சன் பிக்கே சாம்பியன் ஆனார். 1984-இல் தடை வந்துவிட்டது. இமோலாவில் சென்னா நின்றது அந்தத் தடையின் இரண்டாம் ஆண்டில்.

1994-இல் நிரப்புதல் மீண்டும் வந்தது. வினாடிக்கு 12 லிட்டர் பாய்ச்சும் குழாய்கள். அந்த ஆண்டு ஜூலையில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் பெனட்டன் அணியின் யோஸ் வெர்ஸ்டாப்பன் காரில் நிரப்பும்போது பெட்ரோல் சிதறித் தீப்பற்றியது. சில நொடிகளில் கார், ஊழியர்கள், எல்லாம் நெருப்புக்குள். சிறு காயங்களோடு தப்பினார்கள். 2021 முதல் 2024 வரை சாம்பியனாக இருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் தந்தைதான் அவர். நிரப்பும் கருவியிலிருந்து ஒரு வடிகட்டி அகற்றப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்து பெரிய சர்ச்சையானது. வடிகட்டி இல்லாவிட்டால் பெட்ரோல் கொஞ்சம் வேகமாகப் பாயும்.

அந்தக் காலகட்டத்தின் மிகச் சிறந்த எரிபொருள் முடிவு எது என்று கேட்டால், 1998 ஹங்கேரிப் பந்தயத்தைச் சொல்வேன். முந்துவதற்கு இடமே இல்லாத குறுகலான தடம். மெக்லாரன் கார்கள் இரண்டு நிறுத்தம் என்று திட்டமிட்டிருந்தன. பின்னால் மாட்டிக்கொண்டிருந்த ஃபெராரியின் மைக்கேல் ஷூமாக்கருக்கு, ஓட்டத்தின் நடுவிலேயே மூன்று நிறுத்தமாக மாற்றினார் அணியின் தொழில்நுட்ப இயக்குநர் ராஸ் பிரான். ஒரு நிறுத்தம் கூடினால் 25 வினாடி போகும். ஆனால் டேங்கில் குறைவாகவே இருக்கும், முன்னால் தடம் காலியாக இருக்கும். 19 சுற்றில் அந்த 25 வினாடியைச் சம்பாதிக்க வேண்டும் என்பது கட்டளை. சுற்றுக்கு ஒன்றேகால் வினாடிக்கும் அதிகம். ஷூமாக்கர் சம்பாதித்தார், வென்றார். 2004-இல் பிரான்சில் அதே கூட்டணி நான்கு முறை நிறுத்தியும் வென்றது.

2003-இலிருந்து கூடுதல் குழப்பம். பந்தயத்துக்கு எவ்வளவு பெட்ரோலோடு கிளம்பப் போகிறீர்களோ அதே பெட்ரோலோடு, தொடக்க வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றும் ஓட வேண்டும் என்று விதி வந்தது. முதலிடத்தில் நிற்பவர் உண்மையிலேயே வேகமானவரா, டேங்கைக் காலியாக வைத்துக்கொண்டு ஓடியவரா என்று பந்தயத்தின் முதல் நிறுத்தம் வரை தெரியாது. 2009-இல் தகுதிச் சுற்று முடிந்ததும் ஒவ்வொரு காரின் எடையையும் வெளியிடத் தொடங்கினார்கள். அந்த ஒரே ஆண்டுதான் ரசிகனும் பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு யார் எந்தச் சுற்றில் நிறுத்துவார் என்று சொல்ல முடிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, பலருக்குப் பிடிக்கவில்லை. 2010-இல் நிரப்புதல் மறுபடியும் தடை. கார்கள் 150 கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு கிளம்பின. அவ்வளவு பெரிய டேங்குக்கு இடம் கொடுக்கக் கார்களும் நீண்டன. 2014-இல் பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த கலப்பு இன்ஜின்கள் வந்தபோது வரம்பு 100 கிலோ ஆனது, 2017-இல் 105, 2019-இல் 110.

நிரப்புதல் திரும்ப வர வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அப்போது முந்துதல் பெரும்பாலும் கார்களை நிறுத்தி நிரப்பும் பிட்டில் நடந்தது, தடத்தில் அல்ல என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நிரப்பித்தான் ஆக வேண்டிய பந்தயங்கள் வேறு இருக்கின்றன. லெ மான், துபாய் போன்ற 24 மணி நேரப் பந்தயங்களில் ஒரு டேங்குக்கு எத்தனை சுற்று என்பதே முழுத் திட்டத்தின் அலகு. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த துபாய்ப் பந்தயம் அந்த வகை. அங்கே ஒரு டேங்கில் ஒரு சுற்று கூடுதலாக ஓட முடிந்தால், நாள் முழுவதிலும் ஒரு நிறுத்தத்தையே மிச்சம் பிடிக்கலாம்.

எவ்வளவு ஊற்றுவது என்று முடிவாகிவிட்டது. ஊற்றியது முழுவதும் இன்ஜினுக்குப் போய்ச் சேருமா? அது தனிக் கதை. ஃபார்முலா ஒன் காரின் டேங்க் தகரப் பெட்டி அல்ல, கெவ்லார் இழை கலந்த ரப்பர் பை. பிரேக் பிடிக்கும்போது தன் எடையைப்போல் ஐந்து மடங்கு விசையோடு பெட்ரோல் முன்னால் மோதும், வளைவில் பக்கவாட்டில் ஏறும். குழாயின் வாய் எந்தப் பக்கம் இருந்தாலும் சில நொடிகள் காற்றைத்தான் உறிஞ்சும். அதனால் பைக்குள் தடுப்புகளும், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுகளும், மூலைக்கு மூலை சிறிய பம்புகளும் இருக்கும். அவை நடுவிலுள்ள ஒரு சிறு கலத்தை எப்போதும் நிறைத்து வைத்திருக்கும். அந்தக் கலத்திலிருந்துதான் மிக அதிக அழுத்தம் கொடுக்கும் பம்புக்குப் பெட்ரோல் போகிறது.

இதே பிரச்சினை சிறிய அளவில், சாலைக் காரை மாற்றிப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கடுமையாக வரும். இருங்காட்டுக்கோட்டையிலோ வேறு எங்கோ டூரிங் கார் ஓட்டுகிறவர்கள் நன்றாக அறிந்த தொல்லை. பத்துப் பன்னிரண்டு சுற்றுப் பந்தயத்துக்கு முழு டேங்க் தேவையில்லை. 40 லிட்டர் டேங்கை நிறைத்தால் 30 கிலோ, அதில் பெரும்பகுதி வெட்டிச் சுமை. சரி, தேவைக்கு மட்டும் ஊற்றுவோம் என்று பத்து லிட்டரோடு கிளம்பினால், நீளமான வளைவின் நடுவில் இன்ஜின் இருமும். பம்பு ஒரு பக்கம், பெட்ரோல் மறுபக்கம். வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் சமயத்தில் சக்தி இல்லை. அது வெறும் எரிச்சல் என்று விட்டுவிடக் கூடாது. முழுச் சுமையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடும்போது எரிப்பு அதிகச் சூடாகும். டர்போ இன்ஜினாக இருந்தால் பிஸ்டன் உருகும் வரை போகலாம்.

இதற்கு இரண்டு வழி. தேவைக்கு மேல் எட்டுப் பத்து லிட்டர் எப்போதும் வைத்துக்கொண்டு, அந்த ஆறேழு கிலோ சுமையைச் சகித்துக்கொள்வது. அல்லது டேங்குக்குள் துளைகள் கொண்ட நுரைக்கட்டியை அடைத்து, இன்ஜினுக்கு அருகில் ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் பிடிக்கும் தனிக் கலத்தையும் இன்னொரு பம்பையும் பொருத்துவது. முதல் வழிக்குச் செலவில்லை. அதனால்தான் பெரும்பாலானோர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். அப்படிச் செய்கிறவர்கள் மறந்துவிடக் கூடாத ஒன்று: எந்தப் பக்க வளைவில், டேங்கில் எத்தனை லிட்டரில் இன்ஜின் இருமத் தொடங்குகிறது என்பதைப் பயிற்சி ஓட்டத்திலேயே கண்டுபிடித்து எழுதி வைப்பது. அந்த லிட்டர்தான் அந்தக் காரின் உண்மையான ‘காலி’.

பெரிய அணிகளும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2021 ஹங்கேரிப் பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டினின் செபாஸ்டியன் வெட்டல் இரண்டாவதாக வந்தார். பந்தயம் முடிந்தபின் பரிசோதனைக்காக ஒரு லிட்டர் பெட்ரோல் காரிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எடுக்க முடிந்தது 0.3 லிட்டர். உள்ளே ஒன்றரை லிட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்று அணி தன் கணக்கை வைத்து வாதாடியது. பம்பில் ஏற்பட்ட கோளாறால் பெட்ரோல் வீணானது பிறகு தெரியவந்தது. காரணம் எதுவானாலும் கொடுக்க வேண்டிய ஒரு லிட்டர் இல்லை, இரண்டாம் இடம் போயிற்று. அதே வெட்டல் 2012-இல் அபுதாபித் தகுதிச் சுற்றில் 850 மில்லிலிட்டரோடு மாட்டிக் கடைசிக்குத் தள்ளப்பட்டிருக்கிறார். அந்த ஆண்டு ஸ்பெயினில் முதலிடம் பிடித்த லூயிஸ் ஹாமில்டனுக்கும் இதே கதி. தகுதிச் சுற்றில் ஒரு கிலோவைக்கூடக் கூடுதலாகச் சுமக்க யாருக்கும் மனம் வராது. அந்த ஒரு கிலோவின் விலை சில சமயம் இருபது இடங்கள்.

ஆஸ்டன் மார்ட்டினின் வாதத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் பார்த்துச் சொல்வதில்லை. சாலைக் காரில் இருப்பது போன்ற மிதவை, பெட்ரோல் இப்படி அலைபாயும் டேங்கில் உதவாது. ஊற்றியதை எடை போட்டு, இன்ஜினுக்குப் போனதை அளந்து, கழித்துச் சொல்கிறார்கள். அளவியில் ஒரு சதவீதம் பிசகினால் ஒரு கிலோவுக்கு மேல் பிசகும். 1986 ஆஸ்திரேலியப் பந்தயத்தில் புரோஸ்டின் காரிலிருந்த கணினி, பெட்ரோல் போதாது என்று காட்டிக்கொண்டே இருந்தது. பிசகு கணினியில் இருக்கும் என்று நம்பி ஓட்டினார். பந்தயத்தையும் உலகப் பட்டத்தையும் ஒருசேர வென்றார். அதே ஆண்டு ஜெர்மனியில் அவர் கார் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்து நின்று, கோட்டை நோக்கிக் கையால் தள்ளிக்கொண்டு போனார் என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் அந்த நம்பிக்கையின் கனம் தெரியும்.

அளவை லிட்டரில் வைத்தால் ஒரு குறுக்கு வழி திறக்கும். பெட்ரோல் குளிர்ந்தால் சுருங்கும், 10 டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம். 220 லிட்டர் வரம்பு இருந்த காலத்தில் அணிகள் பெட்ரோலை உறைகுளிரில் வைத்து ஊற்றின. அதே 220 லிட்டருக்குள் சில கிலோ கூடுதலாக அடங்கும். பிறகு வெளி வெப்பநிலையைவிட 10 டிகிரிக்கு மேல் குளிர்விக்கக் கூடாது என்று விதி வந்தது. 2007 பிரேசில் பந்தயத்தில் வில்லியம்ஸ், பிஎம்டபிள்யூ அணிகளின் பெட்ரோல் அந்த வரம்பைத் தாண்டிக் குளிர்ந்திருந்ததாக விசாரணை நடந்தது. அந்தக் கார்கள் நீக்கப்பட்டிருந்தால், ஒரே புள்ளியில் பட்டத்தை இழந்த ஹாமில்டன் மேலே ஏறி, கிமி ராய்க்கோனன் வசமிருந்த பட்டம் கைமாறியிருக்கும். அன்றைய வெளி வெப்பநிலை எத்தனை டிகிரி என்பதிலேயே ஒரே பதில் கிடைக்காததால் முடிவு அப்படியே நின்றது. பிறகு வரம்பு கிலோவுக்கு மாறியதும் இந்தக் குறுக்கு வழி பெருமளவு அடைபட்டுவிட்டது.

பெட்ரோலை எடைக்கல்லாகப் பயன்படுத்திய கதையும் உண்டு. 2005 சான் மரினோ பந்தயத்தில் மூன்றாவதாக வந்த ஜென்சன் பட்டனின் பிஏஆர் கார் மேடையில் 606 கிலோ காட்டியது. குறைந்தபட்சம் 600, ஆகச் சிக்கல் இல்லை. ஆனால் அதிகாரிகள் உள்ளே எட்டிப்பார்த்தபோது டேங்குக்குள் இன்னொரு கலம், அதில் பெட்ரோல். முழுவதும் வடித்துவிட்டு எடை போட்டால் 594.6 கிலோ. அணிக்கு மேலும் இரண்டு பந்தயங்களுக்குத் தடை. 2024-இல் ஸ்பாவில் ஜார்ஜ் ரஸல் வென்ற பந்தயத்தில் சூழ்ச்சி எதுவும் இல்லை. மேடையில் கார் மிகச் சரியாக 798 கிலோ. பெட்ரோலை வடித்தபின் 796.5. ஒரே நிறுத்தத்தோடு டயரைத் தேயவிட்டு ஓடியதும் எடை குறைய ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வெற்றி அணித்தோழர் ஹாமில்டனுக்குப் போனது.

மொத்த அளவு மட்டுமல்ல, ஓடும் வேகமும் கண்காணிப்பில் இருக்கிறது. 2014-இல் மணிக்கு 100 கிலோ என்ற ஓட்ட வரம்பு வந்த முதல் பந்தயத்திலேயே, மெல்பர்னில் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் இரண்டாவதாக வந்த டேனியல் ரிக்கார்டோ அதை மீறியதாகத் தகுதி இழந்தார். அளவிதான் தவறாகக் காட்டுகிறது என்று ரெட் புல் அணி மேல்முறையீடு செய்தும் பயனில்லை. ஊற்றியதாக அணி அறிவிக்கும் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். 2019 அபுதாபியில் சார்ல் லெக்லெர்க்கின் காரில் அறிவித்த அளவுக்கும் இருந்த அளவுக்கும் 4.88 கிலோ வித்தியாசம். ஃபெராரிக்கு 50,000 யூரோ அபராதம். இன்னொரு சிறு விதியும் உண்டு. ஏதோ காரணத்தால் தொடக்கம் தடைபட்டு எல்லோரும் இன்னொரு முறை தடத்தைச் சுற்றிவர நேர்ந்தால், பந்தயத்தில் ஒரு சுற்றைக் குறைத்துவிடுவார்கள். எண்ணி ஊற்றிய டேங்கில் ஒரு சுற்றுக்குக்கூட உபரி இருக்காது என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரியும்.

எத்தனை கிலோ குறைப்பது என்ற கேள்வி கடைசியில் சேஃப்டி கார் வருமா என்ற கேள்வியில்தான் போய் முட்டுகிறது. சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர்களுக்கு நடுவே இரவில் ஓடும் அந்தத் தெருத்தடத்தில் 2008-இல் தொடங்கி 2023 வரை நடந்த ஒவ்வொரு பந்தயத்திலும் ஒருமுறையாவது சேஃப்டி கார் வந்தது. அதை நம்பி இரண்டு மூன்று கிலோ குறைப்பதைவிட நியாயமான துணிவு இந்த விளையாட்டில் வேறு இருக்க முடியாது. 2024-இல் வரவில்லை. அப்படிக் குறைத்துக்கொண்டு கிளம்பியவர் யாராவது இருந்திருந்தால், 62 சுற்றிலும் தன் காலால்தான் அதை ஈடுகட்டியிருக்க வேண்டும்.